உலாவிக்குள் ஒட்டுக்குடித்தனம்

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில் கள்ளக்குறிச்சியின் கணினி மையங்களில் நிற்க இடம் இருக்காது. கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் காலைப் பேருந்துகளில் வரும் பிள்ளைகள், கல்லூரி விண்ணப்பம், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், கல்வி உதவித்தொகை என எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிட்டு மாலைப் பேருந்தைப் பிடித்தாக வேண்டும். வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவிக்கு விண்ணப்பம் நிரப்ப உதவுவதற்காக நானும் அப்படியொரு மையத்தில் அமர்ந்திருந்தேன். பணி ஓய்வுக்குப் பிறகு இது எனக்குப் பழகிப்போன வேலை.

நான் வருவதற்கு முன்பே அவர் பழங்குடியினர் சான்றிதழுக்கு விண்ணப்பித்து, நானூற்று எண்பது ரூபாய் கட்டியிருந்தார். மலையாளி வகுப்பினருக்கான சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் வழங்க வேண்டும். அதற்கான விண்ணப்பம் அரசின் இ-சேவைத் தளத்தில் சில பத்து ரூபாய்க் கட்டணத்தில் முடிந்துவிடும். அவர் கட்டியதோ ‘விண்ணப்ப உதவிக் கட்டணம்’ என்ற பெயரில் ஏதோ ஒரு தனியார் பக்கத்துக்கு. விண்ணப்பம் எங்கும் போய்ச் சேரவில்லை. “கவர்மென்ட் சைட்டுன்னுதான் சார் நெனச்சேன். தேடினதும் அதுதான் மொதல்ல வந்துச்சு” என்றார்.

அவர் சொன்னது உண்மை. அந்தக் கணினியில் எதைத் தேடினாலும் கூகுள் பக்கம் ஒரு கணம் தோன்றி மறைந்து, முன்பின் அறியாத வேறொரு தேடுபக்கம் விரிந்தது. அதன் முதல் ஆறேழு முடிவுகள் விளம்பரங்கள். திரையின் வலது கீழ் மூலையில், ‘உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள்’ என்று நிமிடத்துக்கு ஒரு சிவப்புக் கட்டம் எழுந்தது. மைய உரிமையாளரிடம் கேட்டேன். “அது ரொம்ப நாளா அப்படித்தான் இருக்கு சார். எடுத்தாலும் திரும்ப வந்துடுது” என்றார்.

எடுத்தாலும் திரும்ப வருகிற இந்தப் பொருளுக்கு ஆங்கிலத்தில் ஆட்வேர் என்று பெயர். தமிழில் விளம்பரநிரல் எனலாம். வைரஸ் என்ற சொல்லை நாம் எல்லாவற்றுக்கும் பயன்படுத்திவிடுகிறோம். வைரஸ் கோப்புகளை அழிக்கும் அல்லது பூட்டிவைத்துப் பணம் கேட்கும். விளம்பரநிரல் அப்படி எதுவும் செய்வதில்லை. கணினி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நாம் அதைப் பயன்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் அதன் விருப்பம். உலாவியின் முகப்புப் பக்கத்தை மாற்றும், தேடுபொறியை மாற்றும், நாம் பார்க்கும் பக்கங்களின் மேல் தன் விளம்பரங்களை ஒட்டும், நாம் எங்கே போகிறோம் என்று குறித்துவைத்து விற்கும். வாடகை தராமல் திண்ணையில் தங்கிக்கொண்டு, வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடம் வசூல் செய்கிற ஒட்டுக்குடித்தனம்.

அந்த வசூல் எப்படி நடக்கிறது என்பது பொருளாதாரம் படித்தவனுக்குச் சுவையான விஷயம். இலவச மென்பொருள் ஒன்றைத் தயாரிப்பவர் அதன் நிறுவல் கோப்புக்குள் வேறு நான்கு நிரல்களையும் சேர்த்துக் கட்டுகிறார். அந்த நிரல்களின் உரிமையாளர்கள், ஒவ்வொரு கணினியில் அவை நிறுவப்படும்போதும் அவருக்கு ஒரு தொகை தருகிறார்கள். இடையில் தரகு நிறுவனங்கள் உண்டு. கூகுளும் நியூயார்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து இந்தச் சந்தையை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு நிறுவலுக்கு 10 சென்ட் முதல் ஒன்றரை டாலர் வரை விலை. அமெரிக்க, பிரிட்டன் கணினிகளுக்கு விலை அதிகம். இத்தகைய வேண்டாத மென்பொருள்கள் குறித்து வாரத்துக்கு 6 கோடிக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகளைக் கூகுள் அப்போது காட்டிக்கொண்டிருந்தது. இது தீநிரல் எச்சரிக்கைகளைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஒரு கணினிக்குச் சில ரூபாய்தான் கிடைக்கும் என்றால் எண்ணிக்கையில்தான் ஈடுகட்ட வேண்டும். மலிவான சந்தைகளில் வலை அகலமாக வீசப்படுவதற்கு இது ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

அகலமான வலை என்பதற்கு நம் நாடே சான்று. 2017 ஜூன் மாதம் செக்பாயின்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் ‘ஃபயர்பால்’ என்ற விளம்பரநிரலைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பெய்ஜிங்கைச் சேர்ந்த ராஃபோடெக் என்ற விளம்பர நிறுவனம் பரப்பியது அது. டீல் வைஃபை, மஸ்டாங் உலாவி போன்ற இலவசப் பொருள்களோடு ஒட்டிக்கொண்டு உலகெங்கும் 25 கோடிக் கணினிகளில் அது புகுந்ததாகவும், அவற்றில் மிக அதிகமாக 2 கோடியே 53 லட்சம் கணினிகள் இந்தியாவில் இருப்பதாகவும் அறிக்கை மதிப்பிட்டது. அந்தக் கணக்கு மிகைப்படுத்தப்பட்டது என்று மைக்ரோசாஃப்ட் அதே மாதத்தில் மறுத்தது. எண்ணில் சர்ச்சை இருந்தாலும் ஃபயர்பால் வேலை செய்த விதத்தில் சர்ச்சை இல்லை. முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் போலிப் பக்கமாக மாற்றியது. அந்தப் போலிப் பக்கம் நம் தேடலை யாஹூவுக்கோ கூகுளுக்கோ அனுப்பி விடையை வாங்கித் தந்தது. அதனால் பயனாளிக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இடையில் அவரைப் பற்றிய தகவல் மட்டும் சேகரிக்கப்பட்டது. வேண்டும்போது வேறு எந்த நிரலையும் கணினியில் இறக்கி ஓட்டும் திறனும் அதற்கு இருந்தது. விளம்பரம் காட்டுகிறவன் நினைத்தால் நாளைக்கே கடவுச்சொல்லைத் திருடலாம் என்பது இதன் பொருள்.

பயனாளி எதையும் தரவிறக்கம் செய்யாமலேகூட இது நடந்திருக்கிறது. 2014 செப்டம்பர் முதல் லெனோவோ நிறுவனம் தன் சில மடிக்கணினி மாதிரிகளில் ‘சூப்பர்ஃபிஷ்’ என்ற விளம்பரநிரலைத் தொழிற்சாலையிலேயே பதித்து விற்றது. மறையாக்கம் செய்யப்பட்ட வங்கிப் பக்கங்களுக்குள்ளும் புகுந்து பார்க்கும் வகையில் அது ஒரு பாதுகாப்புச் சான்றிதழைக் கணினியில் நிறுவியிருந்தது. எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இரகசியத் திறவுகோல். 2015 பிப்ரவரியில் ஆய்வாளர் ஒருவர் அதன் கடவுச்சொல்லை எளிதாகக் கண்டுபிடித்துவிட்டார். ஊரில் உள்ள எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி என்ற நிலை. நிறுவனம் அதை நீக்கும் கருவியை வெளியிட்டது. அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடும் 32 மாநிலங்களோடும் 2017-இல் சமரசம் செய்துகொண்டது.

கள்ளக்குறிச்சி மையத்துக்குத் திரும்புவோம். அங்கே அது எப்படி நுழைந்திருக்கும்? ஊகிப்பது கடினமில்லை. இணைய விண்ணப்பங்கள் புகைப்படத்தை 50 கேபிக்குள் கேட்கின்றன. சான்றிதழ்களைச் சிறிய பிடிஎஃப் கோப்பாகக் கேட்கின்றன. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததை யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. இவை ஒவ்வொன்றுக்கும் ‘இலவச’ மென்பொருள் தேடி, அந்தப் பக்கத்தில் பச்சை நிறத்தில் மின்னும் நான்கு ‘டவுன்லோட்’ பொத்தான்களில் ஒன்றை அழுத்துகிறோம். நான்கில் மூன்று விளம்பரம். சரியானதை அழுத்தினாலும், நிறுவும்போது ‘அடுத்து, அடுத்து’ என்று தட்டிக்கொண்டே போகிறோம். நடுவில் முன்கூட்டியே டிக் அடிக்கப்பட்ட சிறு கட்டங்களை யார் படிக்கிறார்கள்? நான் முனைவர் பட்ட ஆய்வேட்டை வரிவரியாகத் திருத்தியவன். என் வீட்டுக் கணினியிலும் ஒரு தேடல் பட்டை இப்படித்தான் குடியேறியிருந்தது.

அந்தப் பிற்பகல் நாங்கள் அதை நீக்கிய முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். வீட்டிலும் அலுவலகத்திலும் இதே வரிசை பயன்படும்.

முதலில் செய்யக் கூடாத ஒன்று. நோயுற்ற உலாவியிலேயே ‘ஆட்வேர் நீக்கும் மென்பொருள்’ என்று தேடக் கூடாது. அது காட்டும் முடிவுகள் அதன் கூட்டாளிகளுடையவை. திரையில் மின்னும் எச்சரிக்கைக் கட்டத்தையும், அதில் வரும் தொலைபேசி எண்ணையும் தொடவே வேண்டாம். தேவையான கருவியை நல்ல நிலையில் உள்ள வேறொரு கணினியில் இறக்கிக்கொள்வது நல்லது.

பிறகு விண்டோஸ் அமைப்புகளில், நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலைத் திறந்து, நிறுவிய தேதி வாரியாக வரிசைப்படுத்த வேண்டும். தொல்லை தொடங்கிய நாளை ஒட்டி ஒரே தேதியில் மூன்று நான்கு பெயர்கள் வரிசையாக நின்றால் அவற்றைச் சந்தேகிக்கலாம். நாங்கள் பார்த்த கணினியில், புகைப்படத்தைச் சுருக்கும் மென்பொருள் ஒன்றோடு அதே நாளில் ஒரு ‘பிசி வேகமாக்கி’, ஒரு வானிலைச் செயலி, பெயரே புரியாத இன்னொன்று ஆகியவை நுழைந்திருந்தன. நான்கையும் நீக்கினோம். நீக்கும்போது ‘உண்மையிலேயே போகச் சொல்கிறீர்களா?’ என்று அவை கெஞ்சும். சில, பொத்தான்களின் நிறத்தை மாற்றி ஏமாற்றும். நிதானமாகப் படித்துத்தான் அழுத்த வேண்டும்.

அடுத்து உலாவியின் நீட்டிப்புகள். நாம் அறிந்து சேர்க்காத எதுவும் அங்கே இருக்கக் கூடாது. நாம் சேர்த்ததுகூட நம்பகமாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயன்படுத்திய ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ என்ற நல்ல நீட்டிப்பு 2020-இல் கைமாறியது. புதிய உரிமையாளர் சேர்த்த சந்தேகத்துக்குரிய நிரல்வரிகளால் 2021 பிப்ரவரியில் கூகுள் அதை முடக்கியது. பழைய நம்பிக்கையை விலைக்கு வாங்குவதும் இந்தத் தொழிலில் ஒரு முதலீடு. எனவே, பயன்படுத்தாத நீட்டிப்பை அணைத்துவைப்பதைவிட அகற்றிவிடுவதே மேல்.

அதன்பின் தேடுபொறி, முகப்புப் பக்கம், உலாவி திறக்கும்போது தோன்றும் பக்கம் ஆகிய மூன்றையும் தனித்தனியே பார்த்துத் திருத்த வேண்டும். மேசைத்திரையில் உள்ள உலாவிக் குறும்படத்தின் பண்புகளையும் ஒரு முறை பாருங்கள். நிரலின் பெயருக்குப் பின்னால் ஏதேனும் இணைய முகவரி ஒட்டப்பட்டிருந்தால், எத்தனை முறை முகப்புப் பக்கத்தை மாற்றினாலும் அந்தக் குறும்படத்தைச் சொடுக்கும்போதெல்லாம் அதுவே திறக்கும்.

வலது மூலைச் சிவப்புக் கட்டங்கள் வேறு வகை. பலரும் இவற்றை வைரஸ் என்றே நம்புகிறார்கள். ‘நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய அனுமதி என்பதை அழுத்துங்கள்’ என்று ஏதோ ஒரு பக்கம் எப்போதோ கேட்டிருக்கும், யாரோ அழுத்தியிருப்பார். அன்றிலிருந்து அந்தத் தளம் நம் திரைக்கு அறிவிப்புகளை அனுப்பும் உரிமையைப் பெற்றுவிட்டது. குரோம் அமைப்புகளில் ‘தனியுரிமை மற்றும் பாதுகாப்பு’, அதனுள் தள அமைப்புகள், அதனுள் அறிவிப்புகள் என்று போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் கிடைக்கும். அந்த மையக் கணினியில் நாற்பதுக்கும் மேல் இருந்தன. எல்லாவற்றையும் அகற்றி, இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்று அமைத்தோம். ஐந்து வைரஸ்களும் அந்த நொடியே காணாமல் போயின.

இதற்குப் பிறகும் மிச்சம் இருந்தால் உலாவியை இயல்புநிலைக்கு மீட்டமைக்கலாம். சேமித்த கடவுச்சொற்களும் புத்தகக்குறிகளும் அழியாது, நீட்டிப்புகள் முடக்கப்படும். கூடவே ஒரு துப்புரவுக் கருவியையும் ஓட்டுவது நல்லது. மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் ஆட்வ்கிளீனர் இலவசமானது, நிறுவாமலேயே இயங்கக்கூடியது. இந்திய அரசின் ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’ 2017 பிப்ரவரி முதல் இயங்குகிறது. சென்னையின் கே7 உள்ளிட்ட இந்திய நிறுவனங்களின் இலவசத் துப்புரவுக் கருவிகளை அதன் தளத்தில் பெறலாம். குரோம் தன்னோடு வைத்திருந்த துப்புரவுக் கருவி 2023-இல் நிறுத்தப்பட்டுவிட்டதால் பழைய கட்டுரைகள் சொல்லும் அந்த வழியைத் தேட வேண்டாம். விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பிலேயே ‘வேண்டாத செயலிகளைத் தடு’ என்ற ஏற்பாடு இருக்கிறது. அது அணைந்திருந்தால் இயக்கிவிடுங்கள்.

இவ்வளவும் முடித்துக் கணினியை மறுபடி தொடங்கினோம். போலித் தேடுபக்கம் மறுபடி வந்து நின்றது. உரிமையாளர் என்னைப் பார்த்த பார்வையில் ‘நான்தான் சொன்னேனே’ என்றிருந்தது.

காரணம் கண்டுபிடிக்க அரை மணி நேரமானது. எப்போதோ ஒரு வாடிக்கையாளர் தன் கூகுள் கணக்கை அந்த உலாவியில் திறந்து, ஒத்திசைவையும் இயக்கிவிட்டுப் போயிருக்கிறார். அவருடைய கணக்கில் அந்த நீட்டிப்பு பதிவாகியிருந்தது. நாங்கள் நீக்க நீக்க, கணக்கு அதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தது. கணக்கை வெளியேற்றி, அந்தச் சுயவிவரத்தையே அழித்த பிறகுதான் தொல்லை ஓய்ந்தது. சொந்தக் கணக்கில் இது நேர்ந்தால், ஒத்திசைவை நிறுத்தி, நீட்டிப்பை அகற்றி, கூகுள் சேமித்துவைத்திருக்கும் ஒத்திசைவுத் தரவையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். இன்னொரு பிடிவாதமான வகையும் உண்டு. வீட்டுக் கணினியின் குரோமில் ‘இந்த உலாவியை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்ற வரி தெரிந்தால் எச்சரிக்கை கொள்ளுங்கள். அலுவலகங்களுக்கான கட்டுப்பாட்டு வசதியை அபகரித்து, நீக்க முடியாதபடி சில விளம்பரநிரல்கள் தங்களைப் பொருத்திக்கொள்கின்றன. சில வைரஸ்தடுப்பு மென்பொருள்களாலும் அந்த வரி தோன்றலாம் என்பதால், விவரமறிந்த ஒருவரைக்கொண்டு பார்ப்பதே நல்லது. கடைசியாக, கணினி சுத்தமானதும் கடவுச்சொற்களை மாற்றுங்கள்; சுத்தமாவதற்கு முன்பு மாற்றிப் பயனில்லை.

கைபேசியில் வேலை குறைவு. திரை முழுவதும் விளம்பரம் வந்தால், ஆண்ட்ராய்டு பேசியைப் பாதுகாப்பான பயன்முறையில் தொடங்கிப் பாருங்கள். அதில் விளம்பரம் நின்றுபோனால், குற்றவாளி நாம் நிறுவிய செயலிகளுள் ஒன்று. ‘பிற செயலிகளின் மேல் காட்டும்’ அனுமதி யாருக்கெல்லாம் இருக்கிறது என்ற பட்டியலில் டார்ச் லைட்டும் கால்குலேட்டரும் இருந்தால் பதில் கிடைத்துவிட்டது.

இங்கே இந்த நாளிதழைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் கட்டுரைக்குப் பக்கத்திலும் விளம்பரங்கள் இருக்கும். அவற்றின் வருவாயில்தான் செய்தியாளருக்குச் சம்பளம். விளம்பரநிரல் அந்த விளம்பரத்தின் மேல் தன்னுடையதை ஒட்டுகிறது. வாசகரின் கவனமும் பத்திரிகையின் வருவாயும் ஒரே நேரத்தில் களவாடப்படுகின்றன. கூகுள் தளங்களுக்கு வருவோரில் 5 சதவீதத்துக்கும் மேற்பட்டோரின் உலாவிகளில் இப்படி விளம்பரம் செருகும் நிரல் ஒன்றாவது இருந்ததாக 2015-இல் வெளியான ஆய்வு கூறியது.

சட்டம் என்ன செய்கிறது? தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆவது பிரிவு, உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினியில் தீங்கு செய்யும் நிரலைப் புகுத்துவதற்கு இழப்பீடு கோர வழிசெய்கிறது. 66-ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. ஆனால், ‘அனுமதியின்றி’ என்ற சொல்லில்தான் சிக்கல். முன்கூட்டியே டிக் அடித்த கட்டத்தைக் காட்டி, ‘அவர்தானே ஒப்புக்கொண்டார்’ என்பார்கள். இந்த ஓட்டையை ஓரளவு அடைக்க முயல்வது, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட இருண்ட உத்திகள் தொடர்பான வழிகாட்டு நெறிகள். அவை பட்டியலிடும் 13 உத்திகளில், மாறுவேடமிட்ட விளம்பரமும், கணினியில் வைரஸ் இருப்பதாகப் பயமுறுத்தி ஏமாற்றும் போலி மென்பொருளும் இடம்பெற்றுள்ளன. நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும்.

எனினும் நானூற்று எண்பது ரூபாய்க்காக யார் புகார் கொடுப்பார்கள்? ஒவ்வொருவரிடமும் புகார் கொடுக்கத் தகாத அளவு சிறு தொகையாக எடுப்பதில்தான் இந்த வணிகம் நிற்கிறது. தனிமனிதர் வழக்குத் தொடுத்துத் தீர்க்கக்கூடிய பிரச்சினையாக இதை நான் பார்க்கவில்லை. அமெரிக்காவில் ஸாங்கோ என்ற நிறுவனத்தின் விளம்பரநிரல்கள் 7 கோடி முறைக்கு மேல் நிறுவப்பட்டிருந்தன. 2006-இல் அந்நாட்டு வர்த்தக ஆணையமே எதிர்வழக்காடி, 30 லட்சம் டாலரைத் திரும்பக் கட்ட வைத்தது. தெளிவான ஒப்புதல் இன்றி இனி எதையும் நிறுவக் கூடாது என்றும் நிபந்தனை விதித்தது. 2009-இல் நிறுவனம் மூடப்பட்டது. நம் ஆணையமும் வழிகாட்டு நெறியோடு நின்றுவிடாமல், தானாகவே முன்வந்து இத்தகைய ஒன்றிரண்டு வழக்குகளையாவது நடத்த வேண்டும்.

அதற்கு முன்பே மாவட்ட அளவில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, செலவும் இல்லை. பொதுமக்கள் அமரும் கணினிகளில் நிர்வாகிக் கணக்கை உரிமையாளர் மட்டும் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளருக்குச் சாதாரணக் கணக்கைத் தர வேண்டும். கடவுச்சொல் இல்லாமல் பெரும்பாலான மென்பொருள்களை அதில் நிறுவ முடியாது. உலாவியை விருந்தினர் பயன்முறையில் திறந்து கொடுத்தால், சாளரத்தை மூடியதும் கணக்கும் வரலாறும் அழிந்துவிடும். சொந்தக் கணினியும் நெருங்கிய உதவியும் உள்ள நகரத்துப் பிள்ளைக்கு இந்த விளம்பரநிரல் வெறும் எரிச்சல். மலையிலிருந்து இறங்கி வருகிற பிள்ளைக்கு அதுவே ஒரு நாள் கூலியும், மறுபடி ஒரு பயணமும், சில வேளை ஒரு கல்லூரி இடமும். இ-சேவை மையங்களுக்கும் தனியார் கணினி மையங்களுக்கும் மாவட்ட நிர்வாகம் ஒரு பக்கச் சுற்றறிக்கை அனுப்பினால் போதும். மே மாதத்துக்கு முன்பு அனுப்ப வேண்டும்.

அந்த மாணவியின் விண்ணப்பத்தை அன்று மாலையே அரசுத் தளத்தில் முறையாகப் பதிவு செய்தோம். 1930-இல் புகாரும் பதிவானது. பணம் இன்னும் திரும்பவில்லை. மைய உரிமையாளர் இப்போது ஒவ்வொரு திரையின் ஓரத்திலும் ஒரு தாளை ஒட்டியிருக்கிறார். இ-சேவை, கல்லூரிச் சேர்க்கை, உதவித்தொகை ஆகிய தளங்களின் முகவரிகள் அதில் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. கீழே சிவப்பு மையில் ஒரு வரி: ‘தேடாதீர்கள், இதைப் பார்த்து டைப் செய்யுங்கள்.’